ஒலியா, ஒளியா?

(பாட ஒலிப்பதிவுகள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு ‘ஒலிப்பதிவுக் கலைச்சொற்கள்’. நிகழ்ச்சி நிரலில் அது ‘ஒளிப்பதிவுக் கலைச்சொற்கள்’ என்று அச்சாகிவிட்டது. அதை நம்பி இரண்டு நண்பர்கள் கேமராவும் முக்காலியும் எடுத்து வந்திருக்கிறார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அச்சிட்டவரைக் குறைசொல்லும் தகுதி எனக்கு இல்லை. இதே எழுத்தில் நான் செய்த பிழை இதைவிடப் பெரியது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2020இல் பள்ளிகள் மூடியிருந்தபோது, நம்மில் பலரைப் போல நானும் கைப்பேசியில் பாடங்களைப் பேசிப் பதிவுசெய்து மாணவர்களுக்கு அனுப்பினேன். எட்டாம் வகுப்பு அறிவியல். என் வகுப்பில் பார்வைக் குறைபாடுள்ள ஒரு மாணவி இருந்தாள். பிரெய்ல் அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தாள். மற்ற பிள்ளைகளுக்கு என் குரல் பாடநூலுக்குத் துணை. அவளுக்கு என் குரல்தான் பாடநூல். இந்த வேறுபாடு அன்று எனக்கு உறைக்கவில்லை.

பள்ளி திறந்த பிறகு, பேச்சுவாக்கில் அவளிடம் கேட்டேன்: “மின்னல் முதலில் தெரிகிறது, இடி பிறகு கேட்கிறது. ஏன்?” அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு சொன்னாள்: “டீச்சர், ஒலி விநாடிக்கு மூணு லட்சம் கிலோமீட்டர் போகும்னு ஒரு பாடத்துல சொன்னீங்க. இன்னொரு பாடத்துல ஒலி 340 மீட்டர்னு சொன்னீங்க. எது சரின்னு தெரியல. நான்தான் சரியாக் கேக்கலைன்னு நெனச்சுக்கிட்டேன்.”

எட்டாம் வகுப்பில் ஒளியியலும் உண்டு, ஒலியியலும் உண்டு. என் பதிவுகளில் இரண்டும் ஒன்றாகவே கேட்டிருக்கின்றன. பல மாதங்கள் அந்தக் குழந்தை ஒரே சொல்லுக்கு இரண்டு விடைகளை மனத்தில் வைத்துக்கொண்டு, பிழை தன் காதில்தான் என்று நம்பியிருக்கிறாள்.

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போய், அவளுடைய கைப்பேசியிலேயே என் பதிவைக் கேட்டேன். சிறிய ஒலிபெருக்கி, வெளியே தெருச் சத்தம். உண்மையிலேயே வேறுபாடு தெரியவில்லை. அதற்கு முன் நான் அதைக் கேட்டதெல்லாம் அமைதியான அறையில், காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு, என்ன பேசினேன் என்று தெரிந்துகொண்டுதான். விடை தெரிந்தவர் காதுக்கு எந்தப் பதிவும் தெளிவாகவே கேட்கும்.

என் நாக்கும் கொஞ்சம் காரணமாக இருந்திருக்கும். மீதியைக் கண்டுபிடிக்கத்தான் ஒலிப்பதிவுச் சொற்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு சொல்லும் என் பதிவில் இருந்த ஒரு குற்றத்துக்குப் பெயராக அமைந்தது. அந்த வரிசையிலேயே உங்களுக்கும் சொல்கிறேன்.

மைக் என்பது எது?

ஊரில் திருவிழா என்றால் “மைக் செட் போட்டாச்சா?” என்று கேட்கிறோம். “மைக்குல பாட்டு ஓடுது” என்கிறோம். பாட்டு ஓடுவது மைக்கில் அல்ல, ஒலிபெருக்கியில். மைக் என்பது ஒலிவாங்கி. ஒன்று காது, மற்றது வாய். ஒலிவாங்கி காற்றின் அதிர்வை மின் அலையாக மாற்றுகிறது. ஒலிபெருக்கி மின் அலையை மீண்டும் காற்றின் அதிர்வாக மாற்றுகிறது. இந்த இரு சொற்களையும் வகுப்பில் தெளிவாகப் பிரித்துச் சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

காலை வணக்கக் கூட்டத்தில் மைக் திடீரென்று ‘கீ’ என்று கூவுகிறதே, அதற்குப் பெயர் பின்னூட்டம். ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி மறுபடியும் ஒலிவாங்கிக்குள் போகிறது. பெருகி வெளியே வருகிறது. மறுபடியும் உள்ளே போகிறது. இந்தச் சுற்று நிற்காமல் வளரும்போது கூவல் பிறக்கிறது. உடனே நாம் மைக்கைத் தட்டுகிறோம், அல்லது கையால் தலையை மூடுகிறோம். மூடினால் பெரும்பாலும் கூவல் கூடும். ஏனென்றால் பல ஒலிவாங்கிகள் முன்பக்க ஒலியை அதிகமாகவும் பின்பக்க ஒலியைக் குறைவாகவும் வாங்கும்படி செய்யப்பட்டவை. அவை ஒலி வாங்கும் பரப்பை வரைந்தால் இதய வடிவம் வரும். அதனால் அதற்குக் கார்டியாய்டு என்று பெயர். தலையைக் கையால் மூடினால் அந்த அமைப்பு கெட்டு, எல்லாப் பக்கத்து ஒலியையும் அது வாங்கத் தொடங்கும். கூவலை நிறுத்த மூன்று வழிகள் உண்டு. ஒலிபெருக்கிக்குப் பின்னால் வந்து நில்லுங்கள். வாயை மைக்குக்கு அருகில் கொண்டு போங்கள். பெருக்கத்தைக் குறையுங்கள்.

ஒரு சாண்

என் முதல் குற்றம் தூரம். கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பேசினேன். வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையே ஏறத்தாழ 80 செ.மீ.

திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலியின் செறிவு நான்கில் ஒரு பங்காகும். எதிர்த்தகவு இருமடி விதியை நாமே நடத்துகிறோம். டெசிபல் கணக்கில் அது 6 குறைவு. 80 செ.மீ.யிலிருந்து 20 செ.மீ.க்கு, அதாவது ஒரு சாணுக்கு வந்தால், தூரம் இரண்டு முறை பாதியாகிறது. என் குரல் ஒலிவாங்கியில் 12 டெசிபல் கூடுகிறது. மின்விசிறி இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அதன் இரைச்சல் கூடவில்லை. நமக்கு வேண்டிய ஒலிக்கும் வேண்டாத இரைச்சலுக்கும் உள்ள இந்த இடைவெளிக்குத்தான் ஒலிப்பதிவாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்: சமிக்ஞை–இரைச்சல் விகிதம். பணம் செலவழிக்காமல் இதை உயர்த்தும் கருவி நம் கைச்சாண் ஒன்றுதான்.

கெயின், வால்யூம்

இரண்டும் ஒன்று என்று நானும் நினைத்திருந்தேன். குடத்தில் தண்ணீர் பிடிப்பதை நினைத்துப் பாருங்கள். குழாயை எவ்வளவு திறக்கிறோம் என்பது கெயின். தமிழில் பெருக்கம் எனலாம். பிடித்த தண்ணீரிலிருந்து எவ்வளவு ஊற்றுகிறோம் என்பது வால்யூம். குழாயை அதிகம் திறந்தால் குடம் வழியும். வழிந்த தண்ணீரைப் பிறகு மெதுவாக ஊற்றுவதால் திரும்பப் பெற முடியாது.

பதிவிலும் அப்படித்தான். கருவி தாங்கும் எல்லையைக் குரல் தாண்டும்போது அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்படுகிறது. இதற்குக் கிளிப்பிங் என்று பெயர். மைக் செட் அண்ணன்கள் “பீக் அடிக்குது” என்பார்கள். கேட்பவருக்குக் கரகரவென்று இருக்கும். வெட்டுப்பட்ட பகுதியில் என்ன இருந்தது என்ற தகவலே கோப்பில் இல்லை. பின்னால் ஒலியைக் குறைத்தாலும் கரகரப்பு குறைந்த ஒலியில் கேட்கும், அவ்வளவுதான்.

பதிவுச் செயலியில் ஓர் அளவுமானி ஆடும். அதில் உச்சியில் 0 இருக்கும். கீழே −6, −12, −20 என்று போகும். “பூச்சியம் என்றால் ஒலியே இல்லை என்றுதானே பொருள்?” என்று ஓர் ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. டெசிபல் என்பது மீட்டர், கிலோகிராம் போன்ற அளவு அல்ல. இரண்டு அளவுகளுக்கு இடையிலான விகிதம் அது. எதோடு ஒப்பிடுகிறோம் என்று சொன்னால்தான் பொருள் வரும். ஒலிச்செறிவை அளக்கும்போது மனிதக் காது கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலியை 0 என்று வைத்துக்கொண்டு மேலே எண்ணுகிறோம். எண்முறைப் பதிவில் கருவியின் உச்ச எல்லையை 0 என்று வைத்துக்கொண்டு கீழே எண்ணுகிறோம். முழுக்கள் பாடம் நடத்தும் கணித ஆசிரியருக்கு இதைவிட நல்ல எண்கோடு கிடைக்காது. பேசும்போது குரலின் உச்சம் −12க்கும் −6க்கும் இடையில் ஆடட்டும். உணர்ச்சியில் குரல் உயர்ந்தாலும் 0ஐத் தொடாது.

வல்லினத்தின் அடி

அந்த மாணவி இன்னொன்றும் சொன்னாள்: “நீங்க ‘பாடம்’னு சொல்றப்பல்லாம் காதுல அடிக்குது டீச்சர்.”

உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்து ‘மரம்’ என்று சொல்லுங்கள். இப்போது ‘பட்டம்’ என்று சொல்லுங்கள். காற்று கையில் மோதுவது தெரிகிறதா? வல்லின எழுத்துகளில் காற்று ஓரிடத்தில் அடைபட்டுச் சட்டென்று விடுபடுகிறது. ‘ப’வில் அந்த அடைப்பு உதட்டிலேயே இருப்பதால், விடுபட்ட காற்று நேராக ஒலிவாங்கியில் போய் மோதுகிறது. ஒலிப்பதிவுக் கூடங்களில் இதைப் பாப் என்பார்கள். அதைத் தடுக்க மெல்லிய வலைத்துணி கட்டிய வளையம் ஒன்றை நடுவில் வைப்பார்கள். நமக்கு வளையம் வேண்டாம். கைப்பேசியை வாய்க்கு நேராகப் பிடிக்காமல், கன்னத்தின் பக்கமாகச் சற்று விலக்கிப் பிடித்தால் போதும். காற்று நேராகப் போய்விடும். ஒலி எல்லாப் பக்கமும் பரவுவதால் ஒலிவாங்கிக்கு அது வந்து சேரும்.

எழுத்துகள் எங்கே, எப்படிப் பிறக்கின்றன என்று சொல்ல, தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று தனி இயலே இருக்கிறது. தமிழாசிரியரும் அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து நடத்தக்கூடிய அருமையான வகுப்பு இது. ஒரு மெழுகுவர்த்திச் சுடர் போதும். எந்த எழுத்துக்குச் சுடர் ஆடுகிறது என்று பிள்ளைகளே பட்டியல் போடட்டும்.

காலி வகுப்பறை

என் மிகப் பெரிய குற்றம் இதுதான். அமைதியான இடம் வேண்டுமே என்று, யாரும் இல்லாத வகுப்பறையில், சன்னல்களையெல்லாம் சாத்திவிட்டுப் பதிவுசெய்தேன்.

எதிரொலிக்கும் எதிர்முழக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை நாமே நடத்துகிறோம். 0.1 விநாடிக்குப் பிறகு திரும்பி வந்து தனியாகக் கேட்டால் எதிரொலி. அதற்குச் சுவர் குறைந்தது 17 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அறைக்குள் சுவர்கள் அருகில் இருப்பதால் ஒலி பலமுறை மோதி, ஒன்றோடொன்று கலந்து, நீண்டு கேட்கிறது. அது எதிர்முழக்கம்.

இதை முதலில் முறையாக அளந்தவர் ஓர் ஆசிரியர்தான். 1895இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அரங்கில் பேச்சே புரியவில்லை. சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. இரவில் ஊர் அடங்கிய பிறகு, ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, ஒலி நின்றதும் அதன் முழக்கம் அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார். ஐந்தரை விநாடி! பேசுபவர் அடுத்த வாக்கியத்துக்கே போய்விடுவார். அருகிலிருந்த அரங்கத்தின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார். திறந்த சன்னல் வழியே போன ஒலி திரும்பி வராது. ஆகவே திறந்த சன்னலையே ஒலி உறிஞ்சலின் அலகாக வைத்தார். அவர் கண்ட வாய்பாடு எளியது: அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சலால் வகுக்க வேண்டும். ஒலி 60 டெசிபல் குறைய ஆகும் நேரம் கிடைக்கும்.

நம் வகுப்பறைக்குப் போட்டுப் பார்ப்போம். நீளம் 6 மீட்டர், அகலம் 6 மீட்டர், உயரம் 3 மீட்டர். கன அளவு 108 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 144 சதுர மீட்டர். பூசிய சுவரும் சிமெண்ட் தரையும் தம்மேல் விழும் ஒலியில் ஏறத்தாழ நூற்றுக்கு 3 பங்கைத்தான் உறிஞ்சும். அப்படியானால் மொத்த உறிஞ்சல் 4.3. காலி அறையில், சன்னல்கள் சாத்தியிருக்கையில், எதிர்முழக்கம் 4 விநாடி! சன்னல்களையும் கதவையும் திறந்தால் 8 சதுர மீட்டர் திறப்பு என்று வைத்துக்கொள்வோம். நேரம் 1.4 விநாடியாகக் குறையும். 40 பிள்ளைகள் வந்து உட்கார்ந்தால், ஆளுக்கு 0.4 என்று கொண்டால், 0.6 விநாடி. இது தோராயக் கணக்குத்தான். ஆனால் வகுப்பறைக்கு 0.6 விநாடிக்கு மேல் போகக் கூடாது என்றுதான் அமெரிக்கத் தர அளவும் சொல்கிறது.

பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் நம் குரல் தெளிவாக இருப்பதற்கு அந்தப் பிள்ளைகளே காரணம். அவர்களுடைய உடலும் உடையும் நம் குரலின் வாலை வாங்கிக்கொள்கின்றன. அவர்கள் இல்லாத அறையில் நான் பேசிய ஒவ்வோர் எழுத்தும் அடுத்த எழுத்தின்மேல் படிந்திருக்கிறது.

‘ஒலி’க்கும் ‘ஒளி’க்கும் உள்ள வேறுபாடு எங்கே இருக்கிறது? நாக்கு ‘ஒ’விலிருந்து மெய்க்குத் தாவும் மிகச் சிறு நேரத்திலும், வலிமை குறைந்த மேல் அதிர்வெண்களிலும்தான் பெரும்பாலும் இருக்கிறது. முந்தைய ஒலியின் வால் அந்தச் சிறு நேரத்தின்மேல் படிந்தால் ‘ல’வும் ‘ள’வும் ஒன்றாகிவிடும். வலி, வளி, வழி மூன்றும் அப்படித்தான். நம் மொழியில் ஓர் எழுத்து மங்கினால் பொருளே மாறும்.

தீர்வு எளிது. காலி வகுப்பறை, டைல்ஸ் போட்ட கூடம், சமையலறை ஆகியவற்றைத் தவிருங்கள். துணி நிறைந்த சிறிய அறை நல்லது. நான் இப்போது துணி அலமாரியைத் திறந்துவைத்து, அதைப் பார்த்தபடி, முதுகுக்குப் பின்னால் கொடியில் ஒரு ஜமக்காளத்தைத் தொங்கவிட்டுப் பேசுகிறேன். கைதட்டிப் பாருங்கள். தட்டிய ஒலி ‘டப்’ என்று நின்றால் நல்ல இடம், ‘டங்ங்’ என்று நீண்டால் வேறு இடம்.

மாதிரி எடுப்பு

கடைசிக் குற்றம் கோப்பில். எண்முறைப் பதிவு என்பது வரைபடத்தாளில் வளைகோடு வரைவது போன்றது. கோட்டை அப்படியே சேமிப்பதில்லை, புள்ளிகளைக் குறித்துவைக்கிறோம். ஒரு விநாடிக்கு எத்தனை புள்ளிகள் என்பது மாதிரி எடுப்பு வீதம். ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் எவ்வளவு நுட்பமாகக் குறிக்கிறோம் என்பது பிட் ஆழம். நமக்கு வேண்டிய உச்ச அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கு மேல் புள்ளிகள் வேண்டும். இது நைக்விஸ்ட், ஷானன் ஆகியோர் பெயரால் வழங்கும் தேற்றம். மனிதக் காதின் மேல் எல்லை 20,000 ஹெர்ட்ஸ். ஆகவே 40,000க்கு மேல். 1982இல் வந்த குறுந்தகடு 44,100 என்று வைத்துக்கொண்டது. பிட் ஆழம் 16, அதாவது உயரத்துக்கு 65,536 படிகள்.

பழைய தொலைபேசித் தரம் விநாடிக்கு 8,000 புள்ளிகள்தான். குரலில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டும் போகும். அதனால்தான் தொலைபேசியில் பெயரின் முதலெழுத்தைச் சொல்லும்போது எஸ்ஸும் எஃப்பும் குழம்பி, “எஃப் ஃபார் ஃபாதர்” என்று விளக்குகிறோம். உயிரெழுத்துகளின் வலிமை கீழ் அதிர்வெண்களில் இருப்பதால் அவை தப்பிவிடும். மெய்யெழுத்துகளை அடையாளம் காட்டும் மேல் பகுதிதான் அடிபடும்.

நான் பாடங்களைக் குரல் செய்தியாக அனுப்பினேன். பல செயலிகள் குரல் செய்தியை மிகவும் சுருக்கித்தான் அனுப்பும். ஒற்றைத் தடத்தில், அதாவது மோனோவில், 44,100 வீதத்தில் சுருக்காமல் வைத்தால் ஒரு நிமிடத்துக்கு 5 எம்பிக்குக் கொஞ்சம் கூடுதல். பத்து நிமிடப் பாடத்துக்கு 53 எம்பி. பிள்ளைகளின் டேட்டா தாங்காது. விநாடிக்கு 64 கிலோபிட் என்ற எம்பி3 கோப்பாக மாற்றினால் பத்து நிமிடத்துக்கு 5 எம்பிக்கும் குறைவு. பேச்சுக்கு அது போதும். ஸ்டீரியோ வேண்டாம். அக்காவும் தம்பியும் ஓர் இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு கேட்கும் வீடுகள் நமக்குத் தெரியும். இருவருக்கும் ஒரே பாடம் கேட்க வேண்டும்.

ஒரு சொல், மூன்று பொருள்

‘கம்ப்ரஷன்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அலையில் காற்றுத் துகள்கள் நெருங்கும் இடம் கம்ப்ரஷன். ஒலிப்பதிவாளர் உரத்த பகுதியைத் தாழ்த்தி மெல்லிய பகுதியோடு சமன்செய்வதும் கம்ப்ரஷன். கோப்பின் அளவைக் குறைப்பதும் கம்ப்ரஷன். ஆங்கிலத்தில் ஒரு சொல். தமிழில் நமக்கு வசதி இருக்கிறது: அலையில் நெருக்கம், குரலில் சமன்செய்தல், கோப்பில் சுருக்கம். மூன்றையும் பிரித்தே சொல்லிவிடலாம்.

அப்படியானால் எல்லாவற்றையும் தமிழில்தான் சொல்ல வேண்டுமா? என் வழக்கம் இது. பாடநூலில் இருக்கும் சொல்லைப் பாடநூலில் உள்ளபடியே சொல்கிறேன். அதிர்வெண், வீச்சு, எதிர்முழக்கம். தேர்விலும் மேல்வகுப்பிலும் பிள்ளை அதைத்தான் சந்திக்கும். செயலியின் பொத்தானிலும் மைக் செட் அண்ணன் வாயிலும் இருக்கும் சொல்லையும் ஒருமுறை சேர்த்துச் சொல்கிறேன். அதன் பிறகு பாடம் முடியும்வரை சொல்லை மாற்றுவதில்லை. ஒரு வரியில் அதிர்வெண், அடுத்த வரியில் ஃப்ரீக்குவன்ஸி, மூன்றாவதில் அலைவெண் என்றால், கண்ணால் பக்கத்தைப் புரட்டிச் சரிபார்க்க முடியாத பிள்ளை மூன்று வெவ்வேறு பொருள்கள் என்றே நினைத்துக்கொள்ளும்.

சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகின் மிகப் பழைய ஒலிப்பதிவுகளில் ஒன்றே சான்று. எடிசன் 1877இல் ஃபோனோகிராஃபைச் செய்வதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, பாரிஸில் ஸ்காட் டி மார்ட்டின்வில் என்பவர் புகை படிந்த தாளில் ஒலியலையைக் கோடாக வரையும் கருவியைச் செய்தார். கேட்பதற்காக அல்ல, கண்ணால் பார்ப்பதற்காக. 1860இல் அவர் பதிந்த ஒரு பாட்டை, 2008இல் அறிவியலாளர்கள் தாளைப் படமெடுத்துக் கணினி வழியே ஒலிக்கச் செய்தார்கள். ஒலி ஒளியாகி, ஒளி மீண்டும் ஒலியானது. ஒரு சிறுமியின் குரல் என்று உலகமே வியந்தது. மறு ஆண்டு உண்மை தெரிந்தது. தாளில் அளவுக்காகப் பதிந்திருந்த இசைக்கவையின் அதிர்வெண்ணைத் தவறாகப் புரிந்துகொண்டதால் பதிவு இரு மடங்கு வேகத்தில் ஓடியிருக்கிறது. சரியான வேகத்தில் கேட்டால் அது மெதுவாகப் பாடும் ஓர் ஆணின் குரல், பெரும்பாலும் ஸ்காட்டின் குரலேதான். அறிவியலாளர்களுக்கே இப்படி என்றால், எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒலியையும் ஒளியையும் குழப்பிக்கொண்டதில் வியப்பில்லை.

நாளைக்குச் செய்யக்கூடியது

நண்பர்களே, நிறைவாக ஒரு வேண்டுகோள். பாடம் பதிவதற்கு முன் ஒரு நிமிடச் சோதனைப் பதிவு செய்யுங்கள். இந்தப் பத்துச் சொற்களை எந்த வரிசையிலாவது கலைத்துப் போட்டுச் சொல்லுங்கள்: ஒலி, ஒளி, வலி, வளி, வழி, பனி, பணி, கரி, கறி, பாடம். அதை ஒரு மாணவரின் கைப்பேசிக்கு அனுப்பி, கேட்டு எழுதச் சொல்லுங்கள். பத்தும் சரியாக வந்தால் பாடத்தைத் தொடங்கலாம். ஏழுதான் வந்தால் பிள்ளைக்கு மதிப்பெண் போடாதீர்கள். நமக்குப் போட்டுக்கொள்வோம். தூரம், பெருக்கம், அறை, கோப்பு என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்போம். நான்கும் சரியாக இருந்தால் நம் நாக்கைச் சரிபார்ப்போம்.

பதிவின் தொடக்கத்தில் ஐந்து விநாடி பேசாமல் இருங்கள். அறையின் மௌனத்தையும் பதிவுசெய்துகொள்ள வேண்டும். ஒலிப்பதிவாளர்கள் இதை ரூம் டோன் என்பார்கள். இரும வேண்டியிருந்து வெட்டி ஒட்டினால், இடையில் வைக்க அது உதவும். அந்த ஐந்து விநாடியைக் காதில் இயர்போன் மாட்டிக் கேளுங்கள். மின்விசிறி, குளிர்பெட்டி, பக்கத்து வீட்டு மிக்சி, எல்லாம் அதில் தெரியும்.

அந்த மாணவியின் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். இரண்டு பாடங்களையும் மறுபடி பதிவுசெய்தேன். ‘ஒளி’ என்று வந்த இடங்களில் தேவைப்பட்டபோது ‘வெளிச்சம்’ என்றும், ‘ஒலி’ வந்த இடங்களில் ‘சத்தம்’ என்றும் ஒருமுறை சேர்த்துச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, “இப்ப ரெண்டும் வேற வேறயாத்தான் கேக்குது டீச்சர்” என்றாள். அதோடு நிற்கவில்லை. “ஆனா நாலாவது நிமிஷத்துல ஃபேன் போட்டுட்டீங்க.”

உண்மைதான். வியர்வை தாங்காமல் போட்டேன். எனக்குத் தெரியாதென்று நினைத்திருந்தேன்.

அன்றிலிருந்து என் பதிவுகள் எல்லாம் முதலில் அவளிடம்தான் போகின்றன. அவள் சரி என்று சொன்ன பிறகே மற்ற பிள்ளைகளுக்குப் போகும். இப்போது அவள் மேல்நிலை வகுப்புக்குப் போய்விட்டாள். ஆனாலும் சரிபார்க்கும் வேலையை விடவில்லை. போன வாரம் அனுப்பிய பதிவுக்கு நேற்றுத்தான் விடை வந்தது: மூன்று இடங்களில் ‘ப’ இன்னும் அடிக்கிறதாம். இன்று இரவு அந்த மூன்று வரிகளை மறுபடி பதிய வேண்டும்.